முத்துக்கடலில் ஆப்பிரிக்கர்கள்

(ஓட்டப்பிடாரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற கம்பு, ஆப்பிரிக்கர்கள் உலகத்துக்குக் கொடுத்த பயிர். சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், இன்றைய மாலி நாட்டுப் பகுதியில் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள் ஒரு காட்டுப்புல்லைத் தேர்ந்து, திரும்பத் திரும்ப விதைத்து, அதைக் கதிர் பிடிக்கும் தானியமாக மாற்றினார்கள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் பானை வனையும்போது களிமண்ணில் உமியைக் கலந்தார்கள். அந்தப் பானைச் சில்லுகளில் பதிந்திருக்கும் உமியின் தடம்தான் பயிர்க்கம்பின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. சோளம் இன்றைய சூடானின் கிழக்குப் பகுதியில் பயிரானது. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்களுக்கு உரியது. தட்டைப்பயறு மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இவை இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. மானாவாரி மண்ணில், மழை பொய்த்த ஆண்டிலும் இந்தப் பக்கத்துச் சனங்களுக்குக் கஞ்சியும் கூழும் கிடைத்தன என்றால், அதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஆப்பிரிக்க உழவர்களின் அறிவு இருக்கிறது.

புளியமரமும் அப்படித்தான். அதன் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்றே தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் ஒரு புளியமரத்தில்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஆப்பிரிக்க வரலாறு என்றதும் நம் பாடப்புத்தகங்கள் சங்கிலியையும் அடிமைக் கப்பலையும் காட்டுகின்றன. கப்பலும் உண்மை, சங்கிலியும் உண்மை. ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் கதையை அவர்கள் விலங்கு பூட்டப்பட்ட நாளில் தொடங்குவது அநியாயம். அந்தக் கதை நம்மை எட்டாத அட்லாண்டிக் கடலில் மட்டும் நடந்தது என்று நினைப்பது அதைவிடப் பெரிய பிசகு. தூத்துக்குடிக்கும் இலங்கைக்கும் இடையில் கிடக்கும் மன்னார் வளைகுடாவிலும் அது நடந்தது. அதில் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள், நம் முன்னோரும் இருந்தார்கள்.

*

1344ஆம் ஆண்டு. மொராக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா மாலத்தீவிலிருந்து கிளம்பி இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கினார். அவர் இறங்கிய பட்டினம் இன்றைய புத்தளம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. அப்போது சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எடுத்த முத்துக்களை அரசர் முன்னால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் போல உயர்ந்த முத்தைப் பார்த்ததுண்டா என்று அரசர் பயணியைக் கேட்டார். பாரசீக மொழியில் பேச்சு நடந்தது. முத்துக்குளித்துறை மக்களுக்கு இது வீட்டுச் செய்தி போலத் தோன்றும்.

அதே பயணி சில நாட்கள் கழித்துக் கொழும்புக்குப் போனார். அந்தத் துறைமுகத்தில் கடலை ஆண்ட தலைவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர்கள் இருந்ததாக எழுதிவைத்தார். அபிசீனியா என்றால் இன்றைய எத்தியோப்பியா. அந்தக் காலத்தில் இந்துமாக் கடலின் கப்பல்களில் அபிசீனிய வீரர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒரே ஒரு அபிசீனியன் கப்பலில் இருந்தாலும் கடற்கொள்ளையர் நெருங்க அஞ்சுவார்கள் என்று இபுனு பதூதா வேறோர் இடத்தில் குறிப்பிடுகிறார். ஆக, போர்ச்சுக்கீசியர் இந்தப் பக்கம் தலைகாட்டுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, முத்தும் தமிழ் அரசனும் ஆப்பிரிக்கக் கடல்வீரர்களும் ஒரே கரையில் இருந்தார்கள்.

இந்தியாவின் மற்றப் பகுதிகளில் அவர்கள் இன்னும் உயரத்துக்குப் போனார்கள். வங்காளத்தில் 1487 முதல் 1493 வரை ஹப்ஷி சுல்தான்கள் ஆண்டார்கள். ஹப்ஷி என்றால் அபிசீனியர். தக்காணத்தில் மாலிக் அம்பரின் வாழ்க்கை ஒரு காவியத்துக்குப் போதும். 1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் விற்கப்பட்டு, செங்கடல் ஓரத்திலும் பாக்தாதிலும் கைமாறி, கடைசியில் அகமதுநகரின் அமைச்சர் சிங்கிஸ் கானிடம் வந்து சேர்ந்தார். சிங்கிஸ் கானும் ஒரு காலத்தில் அடிமையாக வந்த ஹப்ஷிதான். எசமான் இறந்தபின் விடுதலையான அம்பர் படை திரட்டினார், அகமதுநகரின் உண்மையான ஆட்சியாளராக உயர்ந்தார், அக்பரின் படைகளையும் ஜஹாங்கீரின் படைகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தடுத்து நிறுத்தினார். அவர் 1610இல் நிறுவிய கட்கி நகரம்தான் பின்னாளைய அவுரங்காபாத். அந்த வறண்ட ஊருக்கு நிலத்தடிக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். 1626இல் அவர் இறக்கும்வரை மொகலாயரால் தக்காணத்தை முழுதாக விழுங்க முடியவில்லை.

*

இனி வருவது இந்தக் கரையின் வலி.

1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் கொழும்பும், அதே 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயின. முத்து, சங்கு, துணி ஆகிய மூன்றுக்காகவே டச்சுக்காரர் தூத்துக்குடிக்கு வந்தார்கள் என்று படிக்கிறோம். நான்காவது சரக்கு ஒன்று இருந்தது. அது மனிதர்கள்.

மதுரையில் சொக்கநாத நாயக்கர் ஆண்ட காலம். 1673இல் தொடங்கிய வறட்சி ஆண்டுக்கணக்கில் நீண்டது. தஞ்சையின் மேல் மதுரைக்கும் மராத்தியருக்கும் நடந்த இழுபறி, குடியானவரைப் பிழிந்த வரி வசூல் இரண்டும் அதோடு சேர்ந்துகொண்டன. அரிசி விலை ஏற, மனிதர் விலை இறங்கியது. பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், சிலர் தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1673க்கும் 1677க்கும் இடையில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக ஏற்றுமதி செய்தது. மதுரைக் கடற்கரை என்று கம்பெனித் தாள்கள் குறிப்பது தூத்துக்குடியைத் தலைமையாகக் கொண்ட இந்தக் கரையைத்தான். பின்னர் 1694 முதல் 1696 வரை தஞ்சைப் பகுதி மீண்டும் போரில் சிக்கியபோது, சோழமண்டலக் கரையிலிருந்து தனியார் வணிகர்கள் 3,859 அடிமைகளை இலங்கைக்குள் இறக்கினார்கள்.

இவர்களெல்லாம் எங்கே போனார்கள்? இலங்கைக்கு, ஜாவாவின் பட்டாவியாவுக்கு, ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப்புக்கு. 1652இல் டச்சுக்காரர் கேப்பில் குடியேறியதிலிருந்து 1808இல் அங்கே அடிமை இறக்குமதி நின்றதுவரை சுமார் 63,000 பேர் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கப் பெருநிலம், மடகாஸ்கர், இந்தியா, இந்தோனேசியத் தீவுகள் என நான்கு திசையிலிருந்தும் ஏறக்குறையக் கால் பங்கு கால் பங்காக ஆட்கள் வந்தார்கள். பதிவேட்டில் சொந்தப் பெயரை அழித்துவிட்டுப் புதுப்பெயர் வைத்தார்கள், அதன் பின்னொட்டாக வந்த இடத்தைச் சேர்த்தார்கள். வங்காளத்து ஆஞ்சலா, மலபாரின் கத்தரீனா, சோழமண்டலத்து இன்னார் என்று. அந்த வங்காளத்து ஆஞ்சலா 1666இல் விடுதலை பெற்று, 1669இல் ஓர் ஐரோப்பியரை மணந்தார். இன்று தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் மூதன்னை. கேப் டவுனில் 1679இல் கட்டிய அடிமை விடுதி இப்போது அருங்காட்சியகம். மொசாம்பிக்கிலிருந்து வந்தவரும் சோழமண்டலத்திலிருந்து வந்தவரும் அங்கே ஒரே கூரையின்கீழ் படுத்தெழுந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கலந்து ஒரே சமூகமானார்கள். கேப்பின் கலப்பின மக்களின் இரத்தத்தில் தாமிரபரணிக் கரையின் ஒரு துளியாவது இருக்கும்.

இதே கம்பெனி எதிர்த்திசையிலும் ஆள் கடத்தியது. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க வீரர்கள் ஏற்கெனவே இலங்கையில் இருந்தார்கள். டச்சுக்காரர் மேலும் ஆப்பிரிக்கர்களை இறக்கிக் கொழும்புக் கோட்டை வேலைக்கு விட்டார்கள். பகல் முழுக்கக் கோட்டைக்குள் கல்லும் மண்ணும் சுமந்தவர்களை, இருட்டியதும் ஏரிக்கு அப்பாலுள்ள திட்டில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு அடிமைத் தீவு என்றே பெயர் நிலைத்தது. தமிழர்கள் கொம்பனித்தெரு என்கிறோம். தென்னிந்தியாவிலிருந்து போன அடிமைகளும் கம்பெனியின் அடிமைக் கூட்டத்தில் இருந்தார்கள். கொழும்பில் துணி வாங்கவும் வேலை தேடவும் போன தூத்துக்குடிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொம்பனித்தெருவில் நடந்திருக்கிறார்கள். அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள் யார் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

*

1799இல் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை அதை மறுபடி எழுப்பினார், வெள்ளையர் மறுபடி இடித்தார்கள். பூமியின் மறுபக்கத்தில், கரீபியக் கடலின் ஹெயிட்டியில், 1791 முதல் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்து பிரெஞ்சுப் படையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய பெரும்படையையும் தோற்கடித்து 1804 ஜனவரி 1ஆம் தேதி அவர்கள் சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். அடிமைகள் தாங்களே போராடி, அடிமைமுறையை ஒழித்து, அரசு அமைத்த நிகழ்ச்சி உலக வரலாற்றில் அது ஒன்றுதான். பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிப் பேசும் மேடைகளில் ஹெயிட்டியின் பெயரும் ஒலிக்க வேண்டும். ஒரே பத்தாண்டில், ஒருவரை ஒருவர் அறியாமல், இரண்டு மண்ணின் மக்களும் ஐரோப்பியப் பீரங்கிக்கு எதிரே நின்றார்கள்.

அதே ஆண்டுகளில் இந்தக் கடலில் நடந்தது மனத்தைக் குடைகிறது. 1803இல் ஆங்கிலேயர் கண்டிமேல் படையெடுத்துப் படுதோல்வி அடைந்தார்கள். கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னாட்டிலிருந்து போன நாயக்கர் மரபினர். அவர் படையிலும் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். மலைக்காட்டில் சாகத் தங்கள் சிப்பாய்கள் போதவில்லை என்று கண்ட இலங்கை ஆங்கில அரசு, கோவாவிலிருந்த போர்ச்சுக்கீசியரிடம் ஆப்பிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் பட்டாளத்தில் சேர்த்தது. லண்டன் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்யலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1807இல் தடைச்சட்டமும் வந்தது. சட்டத்தின் மை காய்வதற்கு முன்பே, விலை கொடுத்து வாங்கப்பட்ட மனிதர்கள் சிவப்புச் சட்டை போட்டு இன்னொரு நாட்டாரின் சுதந்திரத்தைப் பறிக்க மலையேறினார்கள். இரண்டு பக்கத்திலும் ஆப்பிரிக்கர், இரண்டு பக்கமும் அவர்களுக்குச் சொந்தமில்லை.

1873இல் அந்தப் பட்டாளம் கலைக்கப்பட்டது. கடைசியாகப் புத்தளத்தில் காவலுக்கு நின்றவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். பட்டினத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்ற ஊரில் குடியேறினார்கள். அவர்களுக்கு அரசு கொடுத்த வேலை எது என்று தெரிந்தால் தூத்துக்குடிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உப்பு! புத்தளம் இலங்கையின் முக்கிய உப்பளப் பட்டினங்களில் ஒன்று. வளைகுடாவின் இந்தக் கரையில் முள்ளக்காட்டிலும் வேப்பலோடையிலும் பாத்தி கட்டி உப்பு வாரிய சனங்கள் எந்த வெயிலில் நின்றார்களோ, எதிர்க்கரையில் ஆப்பிரிக்கப் பட்டாளத்தின் வாரிசுகளும் அதே வெயிலில் உப்போடு நின்றார்கள். கண் கூசும் அதே வெள்ளைதான் அங்கேயும்.

இலங்கையில் அவர்களைக் காப்பிரியர் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல் வாயில் எடுக்கக் கூடாத வசை. சிரம்பியடியில் அது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் பெயர். கத்தோலிக்கர்கள். முன்னோர் கொண்டுவந்த மொசாம்பிக்கின் தாய்மொழிகள் முதலிலேயே போய்விட்டன. அந்த இடத்தில் இருந்த போர்ச்சுக்கீசியக் கலப்புமொழியும் வயதானவர்களோடு மங்கிவருகிறது. சிங்களரோடும் தமிழரோடும் மணஉறவு கொண்டு, இப்போது பேசுவது பெரும்பாலும் சிங்களம். சில குடும்பங்களே அங்கே மிஞ்சியிருக்கின்றன.

மிஞ்சிய இன்னொன்று பாட்டு. மஞ்ஞா என்பது அதன் பெயர். கலியாண வீட்டிலும் விருந்திலும் உட்கார்ந்து தொடங்குவார்கள். ரபானா என்ற தட்டுப்பறை, ஒரு டோலக், இரண்டாக உடைத்த கொட்டாங்கச்சி, ஒரு கண்ணாடிப் பாட்டில், அதைத் தட்ட ஒரு கரண்டி. வாத்தியம் அவ்வளவுதான். பாட்டு மெதுவாக ஆரம்பிக்கும். ஒரு சின்ன அடி, அதையே திருப்பித் திருப்பிப் பாடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடும். கரண்டி பாட்டிலில் படுகிற சத்தம் நெருங்கிக்கொண்டே வரும். கிழவிகள் எழுந்து இடுப்பை அசைத்து ஆடுவார்கள். சொல்லின் பொருள் பாடுகிற பலருக்கே இப்போது தெரியாது. மொழி போன பிறகும் தாளம் போகவில்லை. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து ஊர், உறவு, பெயர், பேச்சு எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் அவர்கள் கையில் எது தங்கும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

இந்தத் தாளம் நமக்குப் புதிதில்லை. காப்பிரியரின் ஆட்டமும் இலங்கைப் பறங்கியரின் பாட்டும் கலந்துதான் கபிரிஞ்ஞாவும் பைலாவும் பிறந்தன. பைலாவை இலங்கை முழுக்கப் பரப்பியவர்களில் வாலி பாஸ்டியன் முன்னோடி. பிறகு சிலோன் மனோகர் 'சுராங்கனி' பாடினார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைத் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் ஒலிக்கவிட்டார். தூத்துக்குடியின் கலியாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர்கள் அந்த அடியை எடுத்ததும் சின்னப்பிள்ளைகளின் கால் தானாக ஆடும். அந்த அடிக்குள் மொசாம்பிக் இருக்கிறது.

*

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கு மேல். நாம் பொந்தன்புளி, ஆனைப்புளி என்று சொல்லும் அதே மரம், ஆப்பிரிக்கச் சமவெளியின் மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாக மன்னாரில் சொல்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரத்துக்கு வேலி போட்டுப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அதே கடல் வழியாக வந்த மனிதர்களுக்கு இந்தக் கரையில் ஒரு பலகையும் இல்லை.

முத்துக்குளித்துறையில் நின்று பேசும்போது பாரசீக வளைகுடாவின் முத்தையும் சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசும் நியூயார்க்கும் முத்துக்கு அடங்காத பசி கொண்டன. வளைகுடாவில் முத்தெடுக்க ஆள் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சிறுவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் விற்றார்கள், வளர்ந்ததும் கடலுக்குள் இறக்கினார்கள். மூக்குக்கு ஓர் இடுக்கி, காலில் கல், இடுப்பில் கயிறு, கழுத்தில் கூடை. தூத்துக்குடியிலும் இலங்கையின் மரிச்சுக்கட்டியிலும் குளித்ததும் ஏறக்குறைய இப்படித்தான். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கூலியில் இருந்தது. இலங்கைச் சலாபத்தில் முக்குளித்தவர்களுக்கு எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. வளைகுடாவில் அடிமையாக முங்கியவனின் பங்கு அவனுடைய எசமானுக்கு. 1900க்குப் பின்னும் இது நடந்தது. தப்பி ஓடிய பலர் மஸ்கட்டிலும் புஷயரிலும் ஷார்ஜாவிலும் இருந்த ஆங்கில அலுவலகங்களில் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். எந்த ஊரில் பிறந்தோம், யார் பிடித்தார்கள், எத்தனை முறை விற்கப்பட்டோம், எத்தனை பருவம் கடலில் முங்கினோம் என்று அவர்கள் சொன்னவை தாளில் இருக்கின்றன. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இன் உலகப் பொருளாதாரச் சரிவும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. ஆப்பிரிக்க முக்குளிப்பவரின் வாக்குமூலத்தை வாசித்து அதன் முழுப்பொருளையும் உணரக்கூடியவர்கள் உலகில் சிலரே. அவர்கள் தூத்துக்குடியின் பரதவர்களும் கீழக்கரையின் முத்து வணிகக் குடும்பத்தாரும்தான்.

இந்தியாவுக்குள் சித்திகள் என்ற பெயரில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் குஜராத்திலும் கர்நாடகத்திலும் ஹைதராபாத்திலும் வாழ்கிறார்கள். கர்நாடகச் சித்திகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2003 வரை ஆனது. 2020இல்தான் அவர்களில் ஒருவர், சாந்தாராம் சித்தி, மேலவை உறுப்பினராகிச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார். மாலிக் அம்பர் இறந்து 394 ஆண்டுகள் கழித்து!

*

ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையிலும் ஆப்பிரிக்க மண் கலந்திருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டு, 1908இல் சிறைக்குப் போய், 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் குடும்பத்துக்கென்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள். காந்தி வழியாக வரவேண்டிய ஒரு தொகைக்காக இருவருக்கும் 1915இலும் அடுத்த ஆண்டிலும் கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களைத் தேடி எடுத்துத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் கொண்டுபோக வேண்டிய தேவை ஏன் வந்தது? அங்கே இருந்த சூலு மக்கள் தங்கள் நிலத்தை விட்டு வெள்ளையரின் தோட்டத்தில் கூலிக்கு நிற்க மறுத்தார்கள். அந்த மறுப்பை உடைக்க நிலத்தைச் சுருக்கினார்கள், குடிசைக்கு வரி, பிறகு தலைக்கு ஒரு பவுன் வரி போட்டார்கள். 1906இல் பம்பாதா என்ற தலைவரின் பின்னால் சூலுக்கள் கிளர்ந்தெழுந்தபோது மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்த அதே ஆண்டு அது. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நாம் நினைக்கிறோம், நினைக்க வேண்டும். பம்பாதாவை நினைப்பதில்லை. தமிழர் தியாகம் நடந்த மேடை இன்னொருவருடைய நிலம் என்பதை மறந்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு பாதிதான்.

டர்பனுக்குப் பக்கத்தில் இனாண்டா என்ற பகுதியில் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பும், ஜான் தூபே என்ற சூலு தலைவர் நடத்திய ஓலாங்கே பள்ளியும் அண்டை வீடுகள் போல இருந்தன. ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசாக வளர்ந்த அமைப்பு 1912 ஜனவரியில் தொடங்கியபோது தூபேதான் அதன் முதல் தலைவர். ஆனால் அந்த நாட்களில் இந்தியர் போராட்டமும் ஆப்பிரிக்கர் போராட்டமும் தனித்தனிப் பாதையில் நடந்தன. பாதைகள் சேர 35 ஆண்டு பிடித்தது. 1947 மார்ச் 9ஆம் தேதி ஆப்பிரிக்கத் தலைவர் சூமாவும், டர்பனில் பிறந்த மாண்டி நாயக்கரும், யூசுப் தாதூவும் சேர்ந்து போராடக் கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் மருத்துவர் ஒப்பந்தம் என்றே அதற்குப் பெயர்.

இரண்டே ஆண்டில் அது சோதனைக்கு உள்ளானது. 1949 ஜனவரி 13ஆம் தேதி டர்பனில் கலவரம் வெடித்தது. பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் இந்தியருமாக 142 பேர் செத்தார்கள். கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன. இனவெறி அரசு மக்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டதும் உண்மை. இந்திய வியாபாரிகள் சிலர் ஆப்பிரிக்கர்களை நடத்திய விதத்தில் சேர்ந்திருந்த கோபமும் உண்மை. இதை மறைத்துவிட்டு ஒற்றுமை பேசக் கூடாது. அந்தச் சாம்பலுக்குப் பிறகும் தலைவர்கள் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. 1952இன் சட்டமறுப்பு இயக்கத்தில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்தே சிறைக்குப் போனார்கள். காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு, 1963இலிருந்து பத்து ஆண்டு ராபன் தீவுச் சிறையில் கிடந்தார். நெல்சன் மண்டேலா இருந்த அதே சிறை. 1994 ஏப்ரல் 27ஆம் தேதி, வாழ்நாளில் முதல் முறையாக வாக்களிக்க மண்டேலா தேர்ந்தெடுத்த இடம் ஓலாங்கே பள்ளி. அன்று வளாகத்திலுள்ள தூபேயின் கல்லறைக்கும் போனார்.

*

தூத்துக்குடிக்கு இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கம்பெனித் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஹேக் நகரத்திலும் இன்னும் பெரிய தொகுதிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் அந்தப் பழைய டச்சுக் கையெழுத்தைக் கற்று, இந்தக் கரையின் வணிக வரலாற்றை எழுதினார். அவருக்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தக் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேரளம் விழித்துக்கொண்டது. லெய்டன் பல்கலைக்கழகத்தோடும் நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தோடும் சேர்ந்து காஸ்மோஸ் மலபாரிக்கஸ் என்ற திட்டத்தில் தன் மாணவர்களுக்கு அந்த ஆவணங்களைப் படிக்கப் பயிற்சி தர முன்வந்திருக்கிறது.

தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகளில் நான்கு பேரை அப்படி அனுப்ப முடிந்தால் போதும். அவர்கள் முதலில் எடுக்க வேண்டிய தாள்கள் 1673 முதல் 1677 வரையிலானவை. ஏற்றுமதியானவர்களின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் குழந்தைகள், எந்தக் கப்பலில் ஏறினார்கள், கேப்பிலும் கொழும்பிலும் எந்தப் பெயரில் பதிவானார்கள், அங்கே எந்த ஆப்பிரிக்கக் குடும்பத்தோடு கலந்தார்கள் என்று தேட வேண்டும். கேப்பின் பதிவேடுகளில் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஏற்கெனவே எதிர்முனையிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முனையிலிருந்து யாராவது தோண்டத் தொடங்கினால் இரண்டும் ஒரு நாள் சந்திக்கும். அதற்கான உதவித்தொகையை இதுபோன்ற அறக்கட்டளைகள் ஏற்க முன்வர வேண்டும்.